பந்து தேயிலைக்குள் போனால் இரண்டு பேஸ்

போன கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் பழைய படத்தைப் போட்டிருந்தீர்கள். ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் ஒரே நீலச் சட்டை, கீழே ஆளுக்கொரு நிறத்தில் காற்சட்டை, ஓரத்தில் டீச்சர். "நாங்க ஜெயிச்ச நாள்" என்று எழுதியிருந்தது. எல்லாரும் பூவும் கைத்தட்டலும் அனுப்பினீர்கள். நான் ஒன்றும் அனுப்பவில்லை. டுபாயிலிருந்து நம் சொஃப்ட்போல் அணியின் கெச்சர், "ஏன்டி, சத்தத்தையே காணோம்?" என்று தனியாகக் கேட்டாள்.

அதற்குத்தான் இந்த நீளமான பதில். நாம் அன்று ஜெயிக்கவில்லை. ஆறுக்கு ஐந்து என்று தோற்றோம். கடைசி ஓட்டம் எப்படிப் போனது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று நடந்தது வெற்றியைவிட எனக்கு முக்கியம் என்பதால் அதை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் குழுவை விட்டுப் போகலாம், நான் போகமாட்டேன்.

பிள்ளைகளும் படிக்கக்கூடும். ஆகவே விளையாட்டை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். சொஃப்ட்போலில் நாலு பேஸ், சதுரமாக இருக்கும். நாலாவதுக்குப் பெயர் ஹோம். பந்து போடுகிறவள் பிட்சர், ஹோமுக்குப் பின்னால் நின்று பிடிக்கிறவள் கெச்சர். பந்தை அடித்தவள் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று மிதித்துக்கொண்டு சுற்றி ஹோமுக்கு வந்தால் ஒரு ஓட்டம். அடித்த பந்தை எதிர்ப்பக்கத்துக்காரி தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அடித்தவள் அவுட், அதற்கு முன்பே வேறு பேஸிலிருந்து ஓடத் தொடங்கியவள் தன் பழைய பேஸுக்குத் திரும்பி வந்து மிதிக்க வேண்டும். அவள் வருவதற்குள் பந்து அங்கே வந்துவிட்டால் அவளும் அவுட். இவ்வளவு தெரிந்தால் போதும்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் நம் தோட்டம். நாம் குடியிருந்த லயத்துக்கு மேலே, ஃபெக்டரி பாதைக்குக் கீழே நம் கிரவுண்ட். கிரவுண்ட் என்று சொல்கிறேனே தவிர, அது சரிவில் வெட்டிய ஒரு துண்டு நிலம். முதல் பேஸ் பக்கம் கான் என்கிற வாய்க்கால். மழை பெய்தால் அதில் பந்து மிதந்து போகும். மூன்றாம் பேஸைத் தாண்டி நாலடி வைத்தால் தேயிலை. அது அப்படியே ஆற்றுவரை இறங்கும். இரண்டு மணிக்கு ஃபெக்டரியிலிருந்து வறுத்த இலையின் வாசம் வரும், மூன்று மணிக்கு மூடுபனி வரும். பனி வந்தபின் வெளியே நிற்கிறவளுக்குப் பந்து தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். உரச்சாக்கில் மானாப்புல் அடைத்துத் தைத்ததுதான் பேஸ். லொறி டயரில் வெட்டியது ஹோம்.

அந்த விளையாட்டை நமக்குக் கொண்டுவந்தவர் நம் பள்ளிக்கு வந்த ஜப்பான் மிஸ். ஒரே ஒரு தவணைதான் இருந்தார். வயிற்றுநோவு வந்து ஊருக்குப் போனார், பிறகு திரும்பவில்லை. சமமான கிரவுண்ட் ஒன்று வெட்டித் தருவதாகத் தோட்டத்துத் துரை சொன்னதை அவர் அப்படியே நம்பினார். துரை அதை எல்லாரிடமும் சொல்வார் என்பது அவருக்குத் தெரியாது. அவர் விட்டுப்போனது ஏழு கையுறை, ஒரு அலுமினிய மட்டை, ஆறு பந்து, இங்கிலீஷில் ஒரு சட்டப் புத்தகம். ஆறு பந்தில் நாலு, இரண்டு மாதத்துக்குள் தேயிலைக்குள் போய்விட்டன. இன்றைக்கும் அந்த மலையில் எங்கோ கிடக்கும்.

அந்தப் பந்துகளால்தான் கண்டாக்கையா வந்தார். வெளிக்கள வேலை முழுக்க அவர் பொறுப்பு. மோட்டார் சைக்கிளை அணைக்காமலே கத்தினார்.

"யாரு புள்ள உள்ள பாய்ஞ்சது? கவ்வாத்து வெட்டி இப்பதான் தளிர் வருது. கொப்பெல்லாம் ஒடிச்சு வச்சிருக்கீங்க! இன்னொரு தடவ ஒருத்தி உள்ள பூந்தா, தொரைகிட்டச் சொல்லி இந்த எடத்துல கன்னு நட வச்சிருவேன்."

பந்து வெளியே போனதும் மூன்று பேர் பின்னாலேயே பாய்வோம். பந்து திரும்பி வரும்வரை அடித்தவள் ஓடிக்கொண்டே இருப்பாள், அதனால்தான் அந்த அவசரம். கண்டாக்கையா போனபின் நம் கெப்டன் சாக்கின்மேல் உட்கார்ந்து யோசித்தாள். பதினைந்து வயதில் அவளுக்குக் கங்காணி மாதிரிக் குரல்.

"பந்து வெளிய போனா என்னா செய்யணும்னு அந்தப் பொஸ்தகத்துல இல்லாமலா இருக்கும்?"

கட்டுரைப் போட்டியில் கிடைத்த அகராதி என்னிடம் இருந்தது. அதனால் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளி விட்டதும் பிள்ளை மடுவத்துப் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். உள்ளே தொட்டிலில் குழந்தைகள் அழும். ஆயம்மா, "சத்தம் போடாமப் படி" என்று என்னைத் திட்டுவார். நான் சத்தமே போடவில்லை. ஒன்பது நாளில் ஒன்றரைப் பக்கம் முடித்தேன்.

இருந்தது இதுதான். எல்லைக்கயிற்றைத் தாண்டிப் பந்து போனால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கிறது. யாரும் ஓட வேண்டாம், யாரும் பாய வேண்டாம். பந்து போடுகிறவள் போட்டது வெளியே போனால் ஓடுகிறவர்களுக்கு ஒரு பேஸ். பிடித்த பந்தோடு ஒருத்தி தெரியாமல் எல்லைக்கு வெளியே கால் வைத்துவிட்டால் அதற்கும் ஒரு பேஸ். ஆனால் களத்தில் நிற்கிறவள் எறிந்த பந்து வெளியே போனால் இரண்டு. அந்த இரண்டை எங்கேயிருந்து எண்ணுவது? எறிந்தவளின் கையை விட்டுப் பந்து போன நொடியில், ஓடுகிறவள் கடைசியாக மிதித்திருந்த பேஸிலிருந்து.

பழைய கிணற்றுக் கயிற்றைக் கம்பில் கட்டி எல்லை போட்டோம். கெப்டன் நடுவில் நின்று, பந்து கையை விடும்போதெல்லாம் கை தட்டுவாள். தட்டியதும் எல்லாரும் தாங்கள் கடைசியாக மிதித்த பேஸைச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் ஃபெக்டரிவரை ஓட வேண்டும். பந்தை எடுக்க ஒருத்தி மட்டும், தேயிலை நிரையின் ஊடாக நடந்து போய் வருவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. பந்தைப் பிடித்துவிட்டார்கள் என்று ஒருத்தி பழைய பேஸுக்குத் திரும்பி ஓடும்போது எறிந்த பந்து வெளியே போனால்?

"திரும்பி ஓடுறவளுக்கு எதுக்குடி ரெண்டு?" என்றாள் கெச்சர். "பயந்து ஓடுறவளுக்குப் பரிசா?"

எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. இன்னொரு தடவை அகராதியோடு புத்தகத்தைப் பார்த்தேன். ஓடும் திசை பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கடைசியாக மிதித்த பேஸ், அவ்வளவுதான். திரும்பிப் போய் அதை மிதித்துவிட்டு வர வேண்டும், அதன்பின் இரண்டு.

"பொஸ்தகத்துல உள்ளதுதான் சட்டம். நமக்குப் புடிக்குதோ இல்லையோ" என்று கெப்டன் முடித்துவிட்டாள்.

கண்டாக்கையா ஒரு வாரம் கழித்து வந்தார். பந்து தேயிலைக்குள் போனது. எல்லாரும் நின்றோம். ஒருத்தி நிரைக்குள் நிதானமாக நடந்துபோய் எடுத்து வந்தாள். அவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவரே பாதையிலிருந்து இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு பேஸு! ரெண்டு பேஸு!" என்று கத்துவார். பல நேரம் பிழையாகத்தான் கத்துவார்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கை ஒடிஞ்சா அப்புறம் கொழுந்தெடுக்க முடியுமா?" என்றார். பத்தாம் வகுப்போடு நானும் மலைக்கு வருவேன் என்பதுதான் அவருடைய திட்டம். ஒருநாள் என் கையுறையைக் காணோம். விறகு அடுக்குக்குப் பின்னால் அவர் ஒளித்துவைத்ததை மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடித்தேன். எலி கட்டைவிரலைத் தின்றிருந்தது. நான் அழவில்லை. சாக்குத்துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டு போனேன். அம்மா அதைப் பார்த்தார், அதன்பின் அதை ஒளித்துவைக்கவில்லை.

இப்போது டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தொண்டர் ஆசிரியை, நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. நமக்குக் கணக்கு எடுத்தார், வேறு ஆள் இல்லாததால் விளையாட்டும் அவர் தலையில். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருக்கு சொஃப்ட்போல் தெரியாது, ஒரு விசில் மட்டும் இருந்தது. அவரை நாம் வயதானவர் என்றே நினைத்தோம். அப்போது அவருக்கு இருபத்து மூன்று.

போட்டி நுவரெலியாவில். வட்டகொடையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி வேனில் போனோம். அந்தக் கிரவுண்டைப் பார்த்ததும் நமக்கு வாய் அடைத்துப்போனது. அவ்வளவு சமமான தரையை நாம் பார்த்ததே இல்லை. பந்து உருண்டு ஓடாமல் விழுந்த இடத்திலேயே நின்றது. சரிவுக்குச் சாய்ந்து சாய்ந்து ஓடிப் பழகிய கால்கள் தடுமாறின. முதல் ஆட்டத்தில் இரண்டு பேர் சும்மா ஓடும்போதே விழுந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆனாலும் அதில் ஜெயித்தோம். மத்தியானம் டவுன் பாடசாலை ஒன்றோடு இறுதி ஆட்டம். அவர்கள் எல்லாருக்கும் காலில் வெள்ளைச் சப்பாத்து.

கடைசி இனிங்ஸ். அவர்கள் ஐந்து, நாம் நாலு. நாம் அடிக்கும் முறை, ஒருத்தி அவுட். நான் இரண்டாம் பேஸில் நிற்கிறேன். நம் பிட்சர் அடித்த பந்து இடது பக்கம் உயரப் போனது. அது விழும் என்று நானே முடிவுசெய்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். அது என் பிழை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பேஸுக்கு இன்னும் மூன்று எட்டு இருக்கும்போது கெப்டனின் குரல் கேட்டது.

"புடிச்சிட்டா! திரும்பு! திரும்புடி!"

சட்டென்று திரும்பி ஓடினேன். பிடித்தவள் இரண்டாம் பேஸுக்கு எறிந்தாள். பந்து என் தலைக்கு மேலாகப் போய், பேஸில் நின்றவளின் கையுறைக்கும் மேலாகப் போய், ஈரப்புல்லில் வழுக்கிக்கொண்டு எல்லைக்கயிற்றுக்குக் கீழே நுழைந்து, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வாங்குப் பலகைக்கு அடியில் நின்றது. நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். ஆட்டம் நின்றது. நான் நிற்கவில்லை. இரண்டாம் பேஸ்வரை ஓடி, அதை அழுத்தி மிதித்தேன். பிறகுதான் நிமிர்ந்தேன்.

நடுவர் என்னைப் பார்த்து மூன்றாம் பேஸைக் காட்டினார்.

நம் பக்கம் கைத்தட்டல். அவுட் ஆகவேண்டியவளுக்கு ஒரு பேஸ் கிடைத்திருக்கிறதே! கெப்டன் மட்டும் தட்டவில்லை. அவள் எனக்கு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு என்றால் நான் ஹோம். அந்த ஓட்டம் வந்தால் ஐந்துக்கு ஐந்து.

நடுவர் வேறொரு பாடசாலை சேர், சிங்களக்காரர். கெட்ட மனிதர் அல்ல. காலையில் விழுந்தவளின் முழங்காலுக்கு அவர்தான் மருந்து போட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு பழகிய சிங்களத்தில் அவரிடம் சொன்னேன், "சேர், ரெண்டு பேஸ் வரணும்."

அவர் சிரித்தார். "நீ திரும்பித்தானே ஓடிட்டிருந்தே? திரும்பி ஓடுறவளுக்கு முன்னால ஒன்னு குடுத்ததே பெரிசு."

"எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்னுதான் சேர். பந்து கைய விட்டப்ப கடைசியா மிதிச்ச பேஸ்லேர்ந்து ரெண்டு."

"யார் சொன்னது?"

"பொஸ்தகம்."

சிரிப்பு நின்றது. "மூணாவதுக்குப் போ. போகாட்டி அவுட் குடுப்பேன்."

நான் போகவில்லை. அந்தச் சாக்கில், இல்லை, அங்கே நல்ல வெள்ளைப் பேஸ், அதன்மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் பேஸில் நின்ற பெண் என் வயதுதான், மூக்கில் புள்ளிகள். அவள் மெதுவாகக் கேட்டாள், "நெஜமாவே பொஸ்தகத்துல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நில்லு" என்றாள். பிறகு தன் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் நான் நின்று பயனில்லை. அடுத்த பந்து போடுமுன், பொறுப்பாளர்தான் நடுவரிடம் போய் எதிர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நம் புத்தகத்தில் இருந்தது. பந்து போட்டுவிட்டால் கதை முடிந்தது. நம் பொறுப்பாளர் டீச்சர். அவர் கோட்டுக்கு வெளியே நின்று, "போ புள்ள! மூணாவதுக்குப் போ!" என்று எனக்குத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

கெப்டன் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள். அங்கே பேசியதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள்.

"டீச்சர், நாங்க சொன்னா செல்லாது. நீங்கதான் போய்ச் சொல்லணும்."

"நம்ம இங்க வந்ததே பெரிசு. கல்விக் கந்தோர் ஆளுங்கல்லாம் பந்தல்ல ஒக்காந்திருக்காங்க. தோட்டத்துப் புள்ளைங்க சண்டக்காரங்கன்னு பேரெடுக்கணுமா?"

"சண்ட இல்ல டீச்சர். பொஸ்தகத்துல உள்ளதச் சொல்றோம். அவ ஒத்தையா நிக்கிறா பாருங்க."

நடுவர் முகமூடியை மாட்டிக்கொண்டார். எதிர்ப்பக்கத்துப் பிட்சரின் கைக்குப் பந்து வந்துவிட்டது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் தந்தார். நான் டீச்சரைப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பயம்.

பிறகு புல்லில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. டீச்சர் புதுச் செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தோடு, சேலை நனைய ஓடிவந்துகொண்டிருந்தார். நடுவருக்கு முன்னால் நின்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது. செருப்பைக் கீழே போடவும் மறந்துவிட்டார்.

"சேர், நாங்க... எதிர்ப்புத் தெரிவிக்கிறோம்" என்று தமிழில் சொன்னார். பிறகு அதையே சிங்களத்தில் சொன்னார். பிறகு இங்கிலீஷில் "ப்ரொடெஸ்ட்" என்றார். "பக்கம் இதுதான் சேர். வாசிச்சுப் பாருங்க."

நடுவர் வாங்கவில்லை. பந்தலிலிருந்து தலைமை நடுவர் எழுந்து வந்தார். நரைத்த தலை, கறுப்புக் குடை, குள்ளமான அம்மா. நம் புத்தகத்தை வாங்கி வாசித்தார். தன் பையிலிருந்து சிங்களப் புத்தகத்தை எடுத்து அதையும் வாசித்தார். பிறகு நடுவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பந்து கைய விட்டப்ப இவ எங்க இருந்தா?"

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

"மூணாவத மிதிச்சாளா?"

"இல்ல."

"திரும்பி வந்து ரெண்டாவத மிதிச்சாளா?"

நடுவர் இரண்டாம் பேஸைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் அவர் பந்து போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், என் காலைப் பார்த்திருக்க முடியாது. நான் மிதித்தேன் என்று நானே சொன்னால் யார் நம்புவார்கள்? அப்போது மூக்கில் புள்ளியுள்ள அந்தப் பெண் கையை உயர்த்தினாள்.

"மிதிச்சா மிஸ். நான் பக்கத்துல நின்னேன்."

அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அவளைத் திட்டியது. அவள் கையை இறக்கவில்லை.

தலைமை நடுவர் ஹோமைக் காட்டினார். நான் ஓடவில்லை, நடந்தேன். மூன்றாம் பேஸை மிதித்தேன். ஹோமுக்கு வந்தபோது நடுவர் குனிந்து சிறு துடைப்பத்தால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் காலுக்கு வழிவிட்டு, "ஹரி" என்று சிங்களத்தில் ஒரே சொல் சொன்னார். சரி என்று அர்த்தம். ஐந்துக்கு ஐந்து.

மற்றது உங்களுக்குத் தெரியும், அல்லது மறந்துவிட்டீர்கள். நம் அடுத்தவள் அவுட், அதோடு மூன்று அவுட் ஆகி நம் முறை முடிந்தது. மேலதிக இனிங்ஸில் அவர்கள் பந்தை நேராக, அழகாக, நம் நடுவில் அடித்தார்கள். யாரும் பிழை விடவில்லை. நம் முறையில் நமக்கு ஓட்டம் வரவில்லை. ஆறுக்கு ஐந்து. அந்தப் படம் தோற்ற பிறகு எடுத்தது. உற்றுப் பாருங்கள், டீச்சர் வெறுங்காலோடு நிற்கிறார்.

ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். தோற்றதற்குக் கோபம் என்று நினைத்தேன். என்னைப் போகச் சொல்லிக் கத்தியதற்காக எனக்கும் அவர்மேல் கோபம். அடுத்த வாரம் அவர், "அந்தப் பக்கத்தத் தமிழ்ல எழுதிக் குடு புள்ள" என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அந்தக் கோபத்தை நான் பல வருடம் வைத்திருந்தேன். நானே ஆசிரியையாகி, இப்போது வலய நடுவர்களில் ஒருத்தியாகவும் இருக்கிறேன். பிள்ளைகள் வந்து சட்டம் பேசும்போதெல்லாம் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறேன். அப்போதும் அவரைப் பற்றிச் சரியாக யோசித்ததில்லை.

போன வருடம் டீச்சர் ஓய்வு பெற்றார். தலவாக்கலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னதுதான் இது. அந்தப் போட்டிக்குப் பிறகு, பிள்ளைகளைத் தூண்டிவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார் என்று யாரோ அவர்மேல் எழுதிப்போட்டிருக்கிறார்கள். விளக்கம் கேட்டுக் கந்தோருக்கு, அதாவது கல்வி அலுவலகத்துக்கு, கூப்பிட்டார்கள். நம் புத்தகத்தையும் நான் எழுதிக் கொடுத்த தாளையும் கொண்டுபோய், நின்றபடியே முழுதும் வாசித்துக் காட்டியிருக்கிறார். திட்டவில்லையாம். ஆனால் அந்த மாதம் வரவேண்டிய நிரந்தர நியமனம் ஒரு வருடத்துக்கு மேல் வரவில்லை. கிரவுண்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோதே அப்படி ஆகலாம் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருடம் முழுக்க அவர் நமக்குக் கணக்கு எடுத்தார். விசில் ஊதினார். பந்து தேயிலைக்குள் போனபோதெல்லாம் கயிற்றோரம் நின்று இரண்டு விரலைக் காட்டினார். ஒரு நாளும் இதைச் சொல்லவில்லை.

"ஏன் டீச்சர் எங்ககிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "சொல்லியிருந்தா, அடுத்த தடவ நீ நின்னுருக்க மாட்ட புள்ள" என்றார்.